நான்காவதாக வந்தவனின் கம்பு

வைடென்ரோடெ,
கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வென்ட் முதல் ஞாயிறு

அன்புள்ள மால்டேவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அங்கே சுகமாக இருக்கிறாய் என்பது தெரியும், அரிசோனா வெயிலில் சட்டையில்லாமல் நீ ஓடும் படத்தை ஊரே பார்த்துவிட்டது. இங்கே அப்பாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது, என் ரத்த அழுத்தம் மாத்திரையால் கட்டுக்குள் இருக்கிறது, உடம்பைப் பொறுத்தவரை இருவருக்கும் ஒரு குறையும் இல்லை. மனசுதான் நன்றாக இல்லை. உன் மேல் எனக்குக் கோபம், மால்டே. சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது, அதனால் முதலிலேயே எழுதிவிட்டேன். போனில் சொல்லேன் என்றார் அப்பா. போனில் சொன்னால் நீ "சரிம்மா, சரிம்மா" என்பாய், அதற்குள் யாரோ உன்னைக் கூப்பிடுவார்கள், மறுநாள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்று வரும். இந்தக் கடிதத்துக்கு அந்தப் படத்தைப் பதிலாக அனுப்ப முடியாது. உட்கார்ந்து படி. வேறு யாராவது சொல்லி உனக்குத் தெரிய வருவதற்குள் நானே சொல்லிவிட வேண்டும் என்றுதான் விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

நேற்று நம் விளையாட்டுச் சங்கத்தின் கோஸ்கீரை நடையும் விருந்தும். உறைபனி விழுந்துவிட்டதால் கீரை இந்த வருஷம் நன்றாக இனித்தது. எப்போதும் போலச் சாராயப் புட்டிகளைக் கைவண்டியில் ஏற்றி, ஆளுக்கொரு குட்டிக் கிளாஸைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு கால்வாய் ஓரமாக நடந்தோம், வண்டியை அப்பா இழுத்தார். விடுதிக்குப் போய்ச் சேரும்போது எல்லோருக்கும் மூக்கு சிவந்திருந்தது. சாப்பாடு முடிந்ததும் போன வருஷத்துக் கீரை ராஜா எழுந்து புதிய ராஜாவை அறிவிக்க வேண்டும் அல்லவா, போன வருஷம் ராஜா உன் பழைய பயிற்சியாளர் ஃப்ரெரிக்ஸ். அவர் ராஜாவுக்குப் போடும், பன்றித் தாடை எலும்பு தொங்கும் சங்கிலியைக் கையில் பிடித்துக்கொண்டு நாற்காலி மேல் ஏறி, "இந்த வருஷம் யாருன்னு கேக்கவே வேணாம், நம்ம மால்டேதான். ஆள் பாலைவனத்துல கிடக்கான், கீரைக்குப் பதிலாக் கள்ளிச்செடி தின்னுட்டு இருப்பான், அதனால சங்கிலி அவங்க அம்மா கழுத்துக்கு. வாங்க இன்ஸா, ராஜா ரெண்டு வார்த்தை பேசியே ஆகணும்" என்றார். எல்லோரும் மேசையைத் தட்டினார்கள்.

நான் பேசுகிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். மருந்துக்கடையில் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போட வேண்டுமா பின்னால் போட வேண்டுமா என்பதைத் தாண்டி நான் பேசிக் கேட்டவர்கள் இந்த ஊரில் குறைவு. சதுப்பு நிலத்தில் அடுப்பெரிக்கும் கரிமண் வெட்டிப் பிழைத்த குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகத்துக்குப் போனவள் நான், அங்கேயும் வாய்மொழித் தேர்வில் பதில் தெரிந்தும் மேசையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள். அப்படிப்பட்டவள் நேற்று எழுந்தேன், சங்கிலியை வாங்கினேன், அதைக் கழுத்தில் போடாமல் கடுகுச் சாந்துக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். "என் மகன் ஊன்றித் தாண்டின கம்பு அவனோட பையில இருந்து வந்தது இல்ல. அது தோர்பெனோட கம்பு. இங்க பாதிப் பேருக்கு அது தெரியும், தெரிஞ்சுக்கிட்டே சும்மா இருக்கீங்க" என்றேன். கடைசி மேசை வரை கேட்டது. அந்தக் கடைசி மேசையில்தான் தோர்பென் இருந்தான்.

அந்த ஆகஸ்ட் மாதத்தை உனக்கே நான் நினைவூட்ட வேண்டியிருக்கிறது என்பதுதான் கொடுமை. நீயும் அவனும் பள்ளிக்கூடம் சேர்ந்த காலத்திலிருந்து ஒரே சங்கம், ஒரே பயிற்சியாளர், மழைநாளில் நம் வீட்டு ஹீட்டர் மேல் எப்போதும் இரண்டு ஜோடி ஷூ காயும். பத்து விளையாட்டும் சேர்ந்த ஐரோப்பிய டெகத்லான் போட்டிக்கு இருவரும் சேர்ந்தே தேர்வானீர்கள். முதல் நாள் முடிவில் அவன் உனக்கு முன்னால் இருந்தான். இரண்டாம் நாள் கம்பூன்றித் தாண்டும்போது உன் கம்பு நடுவில் முறிந்தது, அந்தச் சத்தம் மேல் வரிசையில் உட்கார்ந்திருந்த எங்களுக்கே கேட்டது. நீ மெத்தை ஓரத்தில் விழுந்து எழுந்தாய். கம்பு முறிந்தால் அந்தத் தாண்டலைக் கணக்கில் சேர்க்கமாட்டார்கள், மறுபடி தாண்டலாம், ஆனால் எதை வைத்துத் தாண்டுவது? உன் பையில் மிச்சம் இருந்தது பயிற்சிக்கு வைத்திருந்த மெல்லிய கம்பு, அது உன்னை அந்த உயரத்துக்குத் தூக்காது. நீ அதை வெளியே எடுத்துப் பார்த்தாய், திரும்பக் கீழே வைத்தாய், அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாய். அப்போது தோர்பென் தன் கம்பைத் தோளில் வைத்துக்கொண்டு உன்னிடம் நடந்து வந்தான். நீ கேட்கவில்லை, அவனாகக் கொண்டுவந்தான். நடுவர் குறுக்கே வந்து அவனிடம் ஏதோ கேட்டார், அடுத்தவர் கம்பு என்றால் அதன் சொந்தக்காரர் சம்மதிக்க வேண்டும் அல்லவா, தோர்பென் தலையை ஆட்டினான். அந்தத் தலையாட்டல்தான் உன் வெண்கலம். அது இல்லாவிட்டால் நீ எட்டாவதோ ஒன்பதாவதோ வந்திருப்பாய், மேடையில் உன் இடத்தில் அவன் நின்றிருப்பான். அவன் கம்பில் நீ உன் வாழ்நாளிலேயே தாண்டியிராத உயரத்தைத் தாண்டினாய், அன்று சாயங்காலம் நீ மூன்றாவது, அவன் நான்காவது.

இதுவரைக்கும் எனக்குக் கோபம் இல்லை, பெருமைதான். டெகத்லான்காரர்கள் அப்படித்தான், அடுத்தவன் தாண்டினால் கைதட்டுவார்கள், ஓட்டத்தை எங்கிருந்து தொடங்கினால் நல்லது என்று எதிராளிக்கே சொல்லிக்கொடுப்பார்கள், அதனால்தான் நீ கால்பந்தை விட்டுவிட்டு இதற்குப் போனபோது நான் சந்தோஷப்பட்டேன். கடைசி ஓட்டம் முடிந்து தரையில் விழுந்து கிடந்தவர்கள் எல்லோரும் எழுந்தார்கள், முதலாவது வந்தவனும் கடைசியில் வந்தவனும் கைகோத்து மைதானத்தைச் சுற்றி வரும் அந்தச் சுற்றுக்காக. நீயும் அவனும் சின்ன வயதில் நம் தோட்டத்தில் பத்து விளையாட்டையும் விட்டுவிட்டு அந்தச் சுற்றை மட்டும் ஓடிப் பழகுவீர்கள். அன்று வரிசை கட்டி நின்றுகொண்டிருந்தபோது நீ கேமராவிடம் போய்விட்டாய். தோர்பென் உனக்காகக் கையை நீட்டியபடியே நின்றான். அறிவிப்பாளர் அவசரப்படுத்திய பிறகு கிளம்பினார்கள், அப்போதும் நடுவில் ஓர் ஆள் இடத்தை விட்டுவிட்டுத்தான் ஓடினார்கள். கம்பு முறிந்தபோது என்ன நினைத்தீர்கள் என்று அந்தத் தொலைக்காட்சிப் பெண் உன்னிடம் கேட்டார். நீ சிரித்துக்கொண்டே, "பையிலேர்ந்து இன்னொண்ணை எடுத்தேன், அவ்வளவுதான், பதறக் கூடாது" என்றாய். அது பெரிய திரையில் மைதானம் முழுக்கக் கேட்டது. எதிர்ப்பக்க வளைவில் ஓடிக்கொண்டிருந்த அவனுக்கும் கேட்டிருக்கும்.

களைப்பில் வாய் தவறிவிட்டது, நாளைக்குத் திருத்திவிடுவான் என்று நினைத்தேன். நீ திருத்தவில்லை. பத்திரிகைகள் உன்னை நடுங்காத மால்டே என்றன. சந்தைத் திடலில் தீயணைப்புப் படையின் பேண்டு வாசிக்க, மேயர் உன்னை மேடையேற்றி நகரத்தின் பொன் ஏட்டில் கையெழுத்து வாங்கினாரே, அன்றைக்காவது சொல்வாய் என்று பார்த்தேன். தோர்பென் சாசேஜ் கடைக்குப் பக்கத்தில் நின்றிருந்தான், நீ அவன் பக்கம் கையை ஆட்டினாய், மற்ற எல்லோருக்கும் ஆட்டியது போலவே. பிறகு பள்ளிக்கூடத்து விளையாட்டுக் கூடத்தில் "பையில் இன்னொன்று இருக்கும்" என்று உன் பேச்சைச் சுருக்கிச் சுவர் நீளத்துக்கு நீல வண்ணத்தில் எழுதிவைத்தார்கள். பிள்ளைகள் அதைப் படித்துக்கொண்டு கயிறு ஏறுகிறார்கள். அதற்கும் மேலே அந்தத் தயிர் விளம்பரம். கம்பு முறிகிறது, நீ பைக்குள் கையை விட்டு இன்னொரு கம்பை உருவுகிறாய், பிறகு ஒரு கரண்டித் தயிர். நான் மருந்துக்கடைக் கவுன்டரில் நிற்கிறேன், ஓன்கென் அம்மாள் வந்து, "உங்க பையனோட தயிரைத்தான் இப்ப சாப்பிடுறேன், நெஞ்சுப் படபடப்பே போயிடுச்சு, உங்க மாத்திரையை நிறுத்திடட்டுமா" என்கிறார். நான் என்ன பதில் சொல்வேன்? மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்று மட்டும் சொன்னேன்.

நான்காவதாக வந்தவனுக்கு என்ன ஆயிற்று என்று நீ ஒரு தடவையாவது விசாரித்தாயா? தேசியப் பயிற்சி அணியில் அவனுக்கு இடம் கொடுக்கவில்லை. பதக்கம் வாங்கியவனுக்கு இடம் உண்டு, நான்காவதுக்கு வயதாகிவிட்டதாம், உன்னைவிட அவன் எத்தனை மாதம் மூத்தவன் என்பது எனக்குத் தெரியும். இப்போது அவன் மாமாவோடு முழுநேரமாகக் கூரை ஓடு மாற்றப் போகிறான். அக்டோபர் வரை வேலை முடிந்து வந்து தனியாக ஈட்டி எறிந்துகொண்டிருந்தான், பிறகு சங்கத்து அலமாரியைக் காலிசெய்து சாவியைக் கொடுத்துவிட்டான். யாரோ யாருக்கோ வேண்டாத பொருளைக் கொடுத்தது போல ஃப்ரெரிக்ஸ் இதை என்னிடம் சாதாரணமாகச் சொன்னார். அன்றைக்குத்தான் உனக்குப் போன் செய்தேன். நீ சொன்னது ஒரு சொல் விடாமல் நினைவிருக்கிறது. "அம்மா, டி.வி.யில அரை நிமிஷம்தான் குடுப்பாங்க, அதுக்குள்ள எல்லாக் கதையும் சொல்ல முடியுமா" என்றாய். அந்த அரை நிமிஷத்தில் ஷூ கம்பெனிக்கு நன்றி சொல்ல நேரம் இருந்தது, கைக்கடிகாரத்தைக் கேமராவுக்குத் திருப்பிக் காட்டவும் நேரம் இருந்தது. தோர்பென் என்ற பெயர் அவ்வளவு நீளமா? அதற்குப் பிறகு, "அவன் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டான்ம்மா, அவன் அப்படிப்பட்டவன்" என்றாய். அவன் அப்படிப்பட்டவன் என்பதால்தான் அன்று உனக்குக் கம்பு கிடைத்தது. அதே குணத்தை உன் வாயை மூடிக்கொள்ளவும் பயன்படுத்துகிறாய். இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நம் ஊர்க்காரர்கள் மேலும் எனக்கு ஆத்திரம், உன்னை மட்டும் சொல்லவில்லை. இங்கே யாரும் தன்னைப் பற்றிப் பேசமாட்டார்கள், அடுத்தவனைப் புகழவும் மாட்டார்கள், அதைப் பெரிய மரியாதை என்று நினைத்துக்கொள்கிறோம். தோர்பென் தானாகச் சொன்னால் அது அலட்டல், ஃப்ரெரிக்ஸ் சொன்னால் அது உன்னைக் குறைத்துப் பேசியதாகிவிடும், இப்படி ஒவ்வொருவரும் நாகரிகமாக வாயை மூடிக்கொண்டதில் ஒரு பொய் சுவர் வரைக்கும் ஏறிவிட்டது. நேற்று நான் பேசியதும் ஃப்ரெரிக்ஸ் நாற்காலியிலிருந்து இறங்கி வந்து, "இன்ஸா, இது கீரை விருந்து, கோர்ட் இல்ல" என்றார். "கோர்ட்டா இருந்தா நீங்கதான் முதல் சாட்சி" என்றேன். "பதக்கம் சங்கத்துக்கு வந்துச்சா இல்லியா, யார் கம்புல வந்தா என்ன" என்றார். "அப்ப தோர்பென் பேரைச் சொல்றதுல உங்களுக்கு என்ன கஷ்டம்" என்று கேட்டேன். அவர் அப்பாவைப் பார்த்து, "கெரோல்ட், உன் பொண்டாட்டிக்குச் சாராயம் ஏறிடுச்சு, கூட்டிட்டுப் போ" என்றார். பேசாமல் இருப்பதில் அப்பா எனக்கும் மேலே, உனக்குத் தெரியுமே, ஒரு பிறந்தநாள் வாழ்த்தைக்கூட உரக்கச் சொல்லத் தெரியாதவர். அவர் கழுத்திலிருந்த குட்டிக் கிளாஸைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "அவ ஒரு சொட்டுக் குடிக்கல. சொல்லி முடிக்கட்டும்" என்றார். நான் சொல்வதற்கு அதற்கு மேல் ஒன்றும் இல்லை, சொல்லி முடித்தாயிற்று. சங்கிலியை யாரும் தொடவில்லை, ராஜா இல்லாமலேயே எல்லோரும் கிளம்பினார்கள், அப்படி ஒரு வருஷம் இதுவரை நடந்ததில்லை என்று விடுதிக்காரர் முணுமுணுத்தார்.

வெளியே வந்து கோட்டைப் போட்டுக்கொண்டிருந்தபோது தோர்பென் என் பின்னால் வந்தான். அவன் எனக்கு நன்றி சொல்வான் என்று நினைத்திருந்தால் நான் முட்டாள். "இன்ஸா, நீங்க ஏன் இதைச் செஞ்சீங்க. அவன் திருடல. நான் குடுத்தேன். நீங்க பேசினதைக் கேட்டவங்க இனிமே என்னை ஏமாந்தவன்னு பார்ப்பாங்க" என்றான். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. கொஞ்சதூரம் எங்களோடு நடந்தான், அப்பா காலி வண்டியை இழுத்துக்கொண்டு முன்னால் போனார். பாலத்துக்கிட்டே வந்ததும் அவனாகவே பேசினான். "பதக்கம் போனதுக்கு ரெண்டு வாரம் வருத்தப்பட்டேன், அப்புறம் விட்டுட்டேன். அன்னைக்கு சாயங்காலம் பஸ்ஸுல அவனுக்கு இடம் பிடிச்சு வச்சிருந்தேன், அவன் கார்ல போயிட்டான். சரி, நாளைக்குக் கூப்பிடுவான்னு இருந்தேன். ஆகஸ்ட்லேர்ந்து இன்னும் கூப்பிடல. பையிலேர்ந்து எடுத்தேன்னு சொன்னான். அவனுக்கு நான் அந்தப் பைதான் போல" என்றான். மறுபடி கேட்டால் மறுபடி கொடுப்பாயா என்று கேட்டேன், கேட்டிருக்கக் கூடாது. "குடுப்பேன். அதான் எனக்கே என் மேல எரிச்சலா இருக்கு" என்றான்.

மால்டே, உனக்கு நன்றாகக் கம்பூன்றத் தெரியும், நன்றாக ஓடத் தெரியும், உன் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. பதக்கத்தைத் திருப்பிக்கொடு என்றும் சொல்லவில்லை, அது அவனுக்கும் வேண்டாம். இன்னும் இரண்டு வாரத்தில், மூன்றாம் அட்வென்ட் ஞாயிறன்று உனக்கு ஆண்டின் புதிய வீரன் பட்டம் கொடுக்கப் போகிறார்கள், நீ நேராக விழாவுக்கு வந்துவிட்டு நேராகத் திரும்பப் போகிறாய், வீட்டுக்கு வர நேரமில்லை என்று உன் மேலாளர் எழுதியிருந்தார். எங்கள் இருவருக்கும் முன்வரிசையில் போட்டிருந்த இருக்கைகளை வேண்டாம் என்று அவருக்குப் பதில் எழுதிவிட்டேன். நீ மேடையில் அந்தப் பையின் கதையைச் சொல்லும்போது கேமரா என் முகத்தைக் காட்டும், நான் சிரிக்க வேண்டியிருக்கும், என்னால் முடியாது. எனக்காகச் சொல்ல வேண்டாம். ஊருக்காகவும் வேண்டாம். முதலில் நீயே அவனைப் போனில் கூப்பிட்டுப் பேசு, அதற்குப் பிறகு மேடையில் உண்மையைச் சொல். முதலில் மேடையில் சொல்லிவிட்டு, அதைப் பார்த்து அவன் மகிழ்ந்துபோவான் என்று காத்திருக்காதே, அது இன்னொரு விளம்பரம் ஆகிவிடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தோர்பெனை நம் வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறேன். விழாவைத் தொலைக்காட்சியில் பார்க்கப் போகிறோம். நேற்று பாலத்துக்கிட்டே கேட்டபோது முதலில் மாட்டேன் என்றான், அப்பா கைவண்டியை நிறுத்திவிட்டு, வாப்பா, நாங்க ரெண்டு பேர் மட்டும் எப்படிப் பார்க்கிறது என்றார். அதற்குப் பிறகுதான் தோர்பென், "வர்றேன், ஆனா அவன் பேச ஆரம்பிச்சா நான் சமையல்கட்டுக்குப் போயிடுவேன்" என்றான். சரி என்றேன். அவன் எழுந்து போகட்டும், நான் தடுக்கமாட்டேன். சமையல்கட்டுக் கதவை மட்டும் திறந்தே வைத்திருப்பேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். கெண்டைக்காலில் அந்தப் பழைய இழுப்பு திரும்ப வந்தால் ஊசி போட்டுக்கொண்டு ஓடாதே, நான் மருந்துக்கடைக்காரியாகச் சொல்கிறேன். இரு பக்கமும் பார்க்காமல் சாலையைக் கடக்காதே, உனக்கு இது எப்போதும் உண்டு. எந்தக் கோபத்திலும் நீ நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் வேண்டுதல், கடவுள் உனக்குக் கால்களில் பலத்தையும் வாயில் உண்மையையும் தரட்டும். தோர்பென் காலையில் ஏழு மணிக்குக் கூரை ஏறிவிடுவான், ஏறிய பிறகு போனை எடுக்கமாட்டான், உன் நேரத்தைப் பார்த்து அதற்கு முன்னால் கூப்பிடு.

உன் மேல் கோபம் குறையாத,
உன் அம்மா
இன்ஸா

அப்பாவும் அன்பைச் சொல்லச் சொன்னார். அவர் இந்தக் கடிதத்தை முழுக்கப் படித்தார், ஒரு வரியையும் எடுக்கச் சொல்லவில்லை.